இடப்பக்கக் கண்ணாடி

கோகிலாவின் பென்சிலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோடு எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே போய்விடும். அன்று காலை அந்தப் பழைய மோரிஸ் மைனர் காரின் இடப்பக்கக் கதவுக் கண்ணாடியில் வெளியிலிருந்து தண்ணீர் தெளித்து, அதன்மேல் மெல்லிய தாளை ஒட்டி, ரப்பர் விளிம்பை ஒட்டியே பென்சிலை நகர்த்திக்கொண்டிருந்தாள். வெயில் காருக்கு அந்தப் பக்கமிருந்து உள்ளே புகுந்து தாளைப் பொன்னாக்கியிருந்தது. தெருவில் மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டிய கொடிகளின் நிழல் அதன்மேல் ஆடியது. அவ்வளவு போதாதா அவளுக்கு? கண் பாதி மூடிக்கொண்டது. கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. விழித்துப் பார்த்தபோது ஜன்னலின் உருவத்தோடு, கீழ்ப்பாதியில் பின்னோரமாக இன்னொரு உருவத்தையும் வரைந்து வைத்திருந்தாள். உள்ளங்கை அகலத்தில் சற்றே சரிந்த முட்டை வடிவம். ஒரு ஓரத்தில் சீப்பு இழுத்ததுபோல மெல்லிய கோடுகள். கண்ணாடியின் உள்பக்கத்தில் ஏதோ கறை இருந்திருக்கிறது, பென்சில் அதையும் விடவில்லை.

"சரிதான் போ" என்று தன்னையே திட்டிக்கொண்டு தாளை உரித்தாள். அழிக்கத் தோன்றவில்லை. அது அவளுடைய இன்னொரு கெட்ட பழக்கம்.

காஜா பெராங் சாலையில் காதர் மைதீன் பாயின் கடைக்கு அவள் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுகிற கடை. முன்பெல்லாம் ஃபிலிமைக் கண்ணாடிமேலேயே போட்டு பிளேடால் வெட்டுவார்கள், கண்ணாடியும் சேர்ந்து கீறிப்போகும். இப்போது கம்ப்யூட்டரில் ஒவ்வொரு காரின் ஜன்னல் உருவமும் டெம்ப்ளேட்டாக இருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் பிளாட்டர் எந்திரம் சின்னஞ்சிறு கத்தியால் ஃபிலிமை வெட்டித் தள்ளிவிடும். கணினியில் இல்லாத கார் வந்தால்தான் கோகிலாவுக்கு வேலை. கையால் வரைந்த தாளைக் கணினியோடு இணைத்த அளவுப் பலகையில் விரித்து, ஓரம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டே வந்தால் திரையில் அந்த ஜன்னல் எழுந்து நிற்கும். அந்த நேரம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். காரும் இல்லாமல், கதவும் இல்லாமல், கறுப்பு வானத்தில் ஒரு ஜன்னல் மட்டும் தனியே மிதப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பாய் வந்து மேசையைத் தட்டினால்தான் பூமிக்குத் திரும்புவாள்.

இந்த மோரிஸ் மைனர் எந்தக் கணினியிலும் இல்லை. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடத்தில் வாங்கியது. காரின் சொந்தக்காரி அன்னம், ஐம்பது தாண்டியவர், கழுத்துவரை மூடிய முழுக்கை ரவிக்கையும் தலையில் துண்டுமாகக் கடையின் உள்மூலையில், வெளிச்சம் படாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆறு மாதமாக அவருக்கு வெயில் ஆகவில்லை. பட்ட இடமெல்லாம் சிவந்து தடித்து, கன்னத்தில் தோல் வெந்தாற்போல் ஆகிவிடும். உடம்புக்குள் இருக்கிற வியாதி, வெயில் அதைக் கிளப்பிவிடுகிறது, காரில் போவதென்றால் வெயிலைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டாமல் போகாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் கிளேபாங் கடற்கரைவரை காரோட்டிப் போய்வருவது அவருடைய வழக்கம். ஆறு மாதமாக அதுவும் நின்றுபோய் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்.

காதர் மைதீன் பாய் சோப்புத் தண்ணீர்ப் போத்தலையும் சுரண்டும் பிளேடையும் எடுத்துக்கொண்டு காரின் இடப்பக்கக் கதவைத் திறந்தார். ஃபிலிம் ஒட்டுவதில் பாதி வேலை கண்ணாடி கழுவுவதுதான். ஒரு தூசி மிச்சமிருந்தாலும் அது ஃபிலிமுக்கடியில் கொப்புளமாகிவிடும். பாய் போத்தலைத் தூக்கியதுதான் தாமதம், மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஐயையோ, தொடாதீங்க!"

அன்னம் துண்டு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் ஓடி வந்தார். கடை வாசலின் வெயிலில் வந்து நின்றதும்தான் நினைவு வந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"என்னாங்கக்கா, பயந்தே போய்ட்டேன்" என்றார் பாய். "கண்ணாடி கழுவணும் லா. உள்ளுக்கு எண்ணெக் கறை மாதிரி இருக்கு பாருங்க."

"அது கறையில்ல பாய். அவுக தலை."

பாய் விழித்தார். கோகிலா கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தாள். அடக் கடவுளே, அவள் வரைந்து வைத்திருந்தது ஒரு மனிதரின் தலையை.

அன்னத்தின் கணவர் வைரவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தன் அப்பா வாங்கிய காராக இருந்தும் கற்றுக்கொள்ளவில்லை. அன்னம்தான் ஓட்டுவார். வைரவன் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே பார், இங்கே திருப்பு, மெல்லப் போ என்று உபதேசம் செய்துகொண்டே வருவார். கிளேபாங்கில் கடல் காற்று வாங்கிவிட்டுத் திரும்பும்போது மட்டும் உபதேசம் நின்றுவிடும். சரிந்து படுத்து, கண்ணாடியில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார். தலை நிறைய தேங்காயெண்ணெய். கண்ணாடியெல்லாம் அப்பிவைப்பதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. போன வருடம் ஜூன் மாதம் ஒருநாள் அப்படித் தூங்கிக்கொண்டே வீடு வந்தார். நாளைக்குத் துடைக்கிறேன் என்று அன்னம் விட்டுவிட்டார். விடிவதற்குள் வைரவன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அப்பறம் அந்தக் கண்ணாடிய நான் எறக்கவே இல்ல" என்றார் அன்னம். "எறக்கினா ரப்பர்ல பட்டு அழிஞ்சிடும்ல. வீட்ல அவுக துணிமணி எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தாச்சு. படுக்கையையும் மாத்தியாச்சு. இது ஒண்ணுதான் பாய் இருக்கு."

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். மனுஷன் கல்நெஞ்சுக்காரர் இல்லை, ஆனால் தொழில் என்று வந்தால் பிடிவாதக்காரர். "எனக்குப் புரியாம இல்லக்கா. ஆனா அழுக்குக் கண்ணாடியில ஃபிலிம் ஒட்டினா ஒரே மாசத்துல உரிஞ்சிட்டு வந்துரும். வெளிப்பக்கமா ஒட்டினா மழை ஒரு வருசம் தாங்க விடாது. அந்தக் கண்ணாடிய மட்டும் விட்டுட்டாலும் வெயிலு பூரா அந்த வழியாத்தானே உள்ள வரும்? சாயங்காலம் கிளேபாங் ரோட்டுல சூரியன் நிக்கறதே இடப்பக்கந்தான்."

"அப்ப வேணாம். காடிய எடுத்துட்டுப் போறேன்."

"முகத்த பாருங்கக்கா. இப்பவே செவந்து போச்சு."

"சாவி குடுங்க பாய்."

சாவி கோகிலாவின் மேசைமேல் இருந்தது. அவள் கொடுக்கவில்லை. அன்னம் வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்துவிடுவார், அல்லது வீம்புக்கு வெயிலில் காரோட்டிப் போய்ப் படுக்கையில் விழுவார். இரண்டில் ஒன்று நடக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஏனோ தன் வீட்டு ஞாபகம் வந்தது. செங் வட்டாரத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிற அவள் கணவன் தியாகுவும் அவளும் வாசற்படியில்தான் பார்த்துக்கொள்வார்கள். அவன் உள்ளே வருவான், அவள் வெளியே கிளம்புவாள். அவன் தலை பட்ட தலையணை உறையை ஞாயிறு தவறாமல் ஊறப்போட்டுத் துவைத்துக் காயப்போடுகிறவள் அவள். இத்தனை வருடமும் எதைத் துவைத்துக்கொண்டிருந்தோம் என்று யோசித்தாள்.

"அக்கா, ஒரு பத்து நிமிசம் ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் தாளை அளவுப் பலகையில் விரித்தாள்.

ஜன்னலின் ஓரத்தைப் புள்ளிபுள்ளியாகத் தட்டினாள். திரையில் ஜன்னல் எழுந்தது. பிறகு அந்தச் சரிந்த முட்டை வடிவத்தைச் சுற்றி, ஒரு விரல் இடம் விட்டு, மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டு வந்தாள். கறுப்பு வானத்தில் மிதந்த ஜன்னலுக்குள் ஒரு மனிதர் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் போட்டால் எழுந்துவிடுவாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அப்படிப்பட்ட பெண் அவள், என்ன செய்வது.

"இந்த எடத்த மட்டும் விட்டு வெட்டிடுவோம் பாய். சுத்தியும் ஃபிலிம் இருக்கும், தலைக்கு மேல மட்டும் இருக்காது."

"அந்த ஓட்டை வழியா வெயிலு வராதா?"

"வரும். எங்க விழுதுன்னு பாத்துடுவோம்."

கார்மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு உள்ளே இருட்டாக்கினார்கள். கறைக்கு நேராக மட்டும் திறப்பு விட்டிருந்தாள். கோகிலா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். பாய் வெளியே டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு, மூன்று மணிச் சூரியன், நாலு மணிச் சூரியன், ஐந்து மணிச் சூரியன் என்று சொல்லிச் சொல்லி இறக்கிக்கொண்டே வந்தார். சூரியனைக் கையில் வைத்திருப்பது பாய்க்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வைரவன் சரிந்து தூங்குகிறவர் என்பதால் கறை தாழ்வாக இருந்தது. வெளிச்சம் காலியாகக் கிடந்த இருக்கையில்தான் விழுந்தது. ஐந்தரை மணிக்குக் கொஞ்சம் நகர்ந்து கோகிலாவின் இடது முழங்கையைத் தொட்டது. அதற்குமேல் ஏறவில்லை. அன்னத்துக்கு அங்கே ரவிக்கைக் கை கெட்டியாக இருக்கிறது, பயமில்லை.

"ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துரணும்" என்றார் பாய், அன்னத்திடம் கண்டிப்பாக. சம்மதித்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

கோகிலா தன் சாப்பாட்டு டப்பாவின் சம்பல் கிண்ண மூடியைக் கழுவித் துடைத்து, கறையின்மேல் படாமல் கவிழ்த்து, சுற்றிலும் நாடா ஒட்டினாள். ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர்கூட உள்ளே போகாது. பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு மற்ற இடத்தையெல்லாம் கழுவினார். பிளாட்டர் ஓட ஆரம்பித்தது. கத்தி இடமும் வலமும் ஓடி, ஃபிலிமில் இரண்டு முன்ஜன்னல்களையும் வெட்டி முடித்து நின்றது. கோகிலா இரண்டையும் எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.

விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

காருக்கு இடமும் வலமும் ஒன்றையொன்று பார்த்த மாதிரிதான் இருக்கும். அதனால் ஒரு பக்கத்தைத்தான் வரைவார்கள், மறுபக்கத்தைக் கணினி தானே திருப்பிப் போட்டுக்கொள்ளும். ஒன்பது வருடப் பழக்கத்தில் அவள் யோசிக்காமல் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டிருந்தாள். வலப்பக்க ஜன்னலிலும் அதே இடத்தில் அதே ஓட்டை. அதை ஒட்டியிருந்தால் வீட்டுக்குத் திரும்பி வரும்போது சாயங்கால வெயில் நேராக அன்னத்தின் மேலேயே இறங்கும்.

"யா அல்லாஹ்! கனவு காணாம ஒரு நாளாச்சும் வேல செய்ய மாட்டியா?" பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "ரோல்ல எவ்வளவு மிச்சமிருக்குன்னு பாத்தியா? இந்த ஜாதி ஃபிலிம் இனி எப்ப வருமோ!"

கோகிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தனக்காக அழவில்லை அவள். இந்த அக்கா ஒருமுறை கிளம்பிப்போனால் மறுபடி வரமாட்டார் என்பதுதான் பயம். அதற்குள் அன்னம் எழுந்து மேசையருகே வந்திருந்தார். இரண்டு ஃபிலிம்களையும் பார்த்தார். இரண்டு ஜன்னல்கள். இடது ஜன்னலில் ஒரு தலை சாய்ந்திருந்தது, வலது ஜன்னலில் இன்னொரு தலை. அன்னத்தின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று கோகிலா நினைத்தாள். அன்னம் சிரித்தார். வயிறு குலுங்க, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டு பேருமே தூங்கிட்டா காடிய யாரு ஓட்டறது?"

சிரித்துச் சிரித்து அப்புறம்தான் அழுதார். பதினான்கு மாதத்துக்கும் சேர்த்து அழுததுபோல இருந்தது. பாய் வாசலுக்குப் போய்க் கொடிகளை எண்ணுகிறவர்போல நின்றுகொண்டார்.

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தாள். வலப்பக்க ஜன்னலிலிருந்து அந்த உருவத்தை அழித்தாள். மிச்சமிருந்த ஃபிலிமில் நேராகப் போட்டால் அடங்கவில்லை. திருப்பிப் பார்த்தாள், தலைகீழாகப் போட்டாள், கடைசியில் கோணலாகச் சாய்த்து வைத்தபோது இரண்டு விரல் மிச்சத்தில் அடங்கியது. இந்த முறை கத்தி ஓடி முடிக்கும்வரை அவள் கண்ணை மூடவில்லை.

நாலே முக்காலுக்கு எல்லாக் கண்ணாடியும் முடிந்தது. மூடியை எடுத்தபோது கறை அப்படியே இருந்தது, சீப்புக் கோடுகள்கூடக் கலையவில்லை. வீணாய்ப்போன வலப்பக்க ஃபிலிமைக் கோகிலா சுருட்டிக் குப்பையில் போடப்போனாள். அன்னம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு நாளைக்குக் கண்ணாடிய எறக்காதீங்க, காயட்டும்" என்று எல்லாருக்கும் சொல்வதைப் பாய் பழக்கத்தில் சொன்னார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் எங்க பாய் எறக்கப்போறேன்" என்றார் அன்னம்.

அவர் வந்தபோது தலையில் போட்டிருந்த துண்டு நாற்காலியிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கோகிலா ஓடியபோது கார் சாலையோரத்தில் திரும்பக் காத்து நின்றது. அவள் இடப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். உள்ளே கார் முழுக்கக் குளத்தடி மாதிரி மங்கலாக, குளிர்ச்சியாக இருந்தது. காலி இருக்கையின் நடுவே மட்டும் சரிந்த முட்டை வடிவத்தில் ஒரு வெயில், எண்ணெய் பட்டு ஓரத்தில் கொஞ்சம் கலங்கிய வெயில், அசையாமல் படுத்திருந்தது. கண்ணாடியைத் தட்டப் போன கையைக் கோகிலா இறக்கிக்கொண்டாள்.

கார் கிளேபாங் பக்கம் திரும்பியது. திரும்பும்போது அந்த வெளிச்சம் இருக்கையைவிட்டு மெல்ல எழுந்து, நகர்ந்து, அன்னத்தின் ரவிக்கைக் கையில் வந்து சாய்ந்தது. அன்னம் பார்வையைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. இடது முழங்கையை மட்டும், தூங்குகிறவருக்கு இடம் கொடுப்பதுபோல, கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொண்டார்.