வலைக்கு அந்தப் பக்கம்

கொல்லைப்புறத்தில் வாலிபால் ஆட யாராவது மரத்தரை போடுவார்களா? என் வீட்டுக்காரர் போட்டார். அதுவும் நான் துணி காயப்போடுகிற இடத்தில். உயரம் போதாதென்று எங்கள் மகளைப் பள்ளிக்கூட டீமில் சேர்க்கவில்லை. அவள் சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மகள் முகம் வாடினால் இவருக்கு உலகமே இருண்டுவிடும். வீட்டிலேயே பழகட்டும், அடுத்த வருஷம் அவர்களே வந்து கூப்பிடுவார்கள் என்று கிளம்பிவிட்டார்.

பலகையைப் பழைய மரக்கடையில் வாங்கினார். இடித்துப்போட்ட ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக்கூடத் தரையாம். கீழே சட்டம் அடித்து, மேலே பலகை பரப்பி, வரிசைக்கு வரிசை ரசமட்டம் வைத்துப் பார்த்து ஆணி அறைந்தார். வேலை சுத்தம். குறை சொல்ல என் வாய்க்கே வழியில்லை.

முதல் சாயங்காலம் மகள் தனியாக நின்று பந்தை அடித்தாள். அது வலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. பிறகு தானாக உருண்டு, வலைக்கு அடியில் புகுந்து, அவள் காலடிக்கே வந்து நின்றது. மறுபடி அடித்தாள், மறுபடி வந்தது. தரை சாய்ந்திருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ரசமட்டத்தைக் கொண்டுவந்து வைத்துக் காட்டினார். குமிழி நட்டநடுவில் நின்றது.

அதன் பிறகுதான் முனகலைக் கவனித்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன். யாருமே இல்லாத அந்தப் பக்கத்தில் பலகை முனகியது. ஆள் கால் மாற்றி நிற்கிற சத்தம். முன்னால் இரண்டு இடம், பின்னால் மூன்று. வலையோரத்து வலது மூலை மட்டும் ஊமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஐந்தும் ஒரேயடியாக முனகி இடம் மாறின. மகளைக் கேட்டேன். பந்தை முதலில் அடித்துப் போடுகிற சர்வீஸ் கைக்கு வந்தால் ஆறு பேரும் வரிசையாக ஒரு இடம் தள்ளி நிற்க வேண்டும், அதுதான் ஆட்டத்தின் சட்டம் என்றாள். மறுபடி காது கொடுத்தேன். அந்த ஊமை இடமும் கூடவே தள்ளிப் போயிருந்தது.

வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். மென்று விழுங்கினார். அந்தப் பள்ளிக்கூடத்து டீம் ஒரு போட்டிக்கு வேனில் போனதாம். ஐந்து பிள்ளைகள் திரும்பவில்லை. காய்ச்சல் என்று ஒருத்தி மட்டும் போகாமல் இருந்திருக்கிறாள். மரக்கடைக்காரன் வாங்கும்போதே இவரிடம் சொல்லியிருக்கிறான். மரத்துக்கு என்ன தெரியும் என்று இவர் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். புத்தியை அடகு வைத்த மனுஷன்! ஞாயிற்றுக்கிழமை பிரித்துவிடுவதாகச் சொன்னார். ஞாயிறுவரை அவர்கள் பொறுக்க வேண்டுமே என்றேன்.

பொறுக்கவில்லை. மறுநாள் வெயில் தாழ்வதற்குள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மகள் குனிந்து வலைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டிருக்கிறாள். போட்டது போட்டபடி ஓடி அவள் தோளைப் பிடித்தேன்.

"விடும்மா," என்றாள். "அங்க ஒரு இடம் காலியா இருக்கு. என்னைத்தான் கூப்பிடுறாங்க. உயரம் பத்தி யாருமே கேக்கல."

அந்தக் கடைசிப் பேச்சில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், இந்த வயதுப் பிள்ளை எங்கே வேண்டுமானாலும் போகும். இழுத்து இந்தப் பக்கம் தள்ளினேன். பிடித்து வைத்தால் இன்று நிற்பாள், நாளைக்கு? இடம் காலியாக இருக்கும்வரை கூப்பிடத்தானே செய்வார்கள். வலைக்கு அடியில் நானே புகுந்தேன். ஊமை இடம் சுற்றிச் சுற்றி மறுபடி வலையோரத்து வலது மூலைக்கே வந்திருந்தது, அதில் ஏறி நின்றேன். அதுவரை ஊமையாக இருந்த பலகை என் காலடியில் முனகியது.

மகள் ஓவென்று அழுதாள். "அது என் இடம்மா!"

"ஆமாடி, உன் இடம்தான்," என்றேன். "அதான் நான் நிக்கிறேன்."

வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். கடப்பாரையோடு ஓடிவந்து மகள் பக்கத்து ஓரத்தில் முதல் பலகையை நெம்பினார். அது கிளம்புவதற்குள் என்னைச் சுற்றி ஐந்து இடமும் முனகின. குனிந்து பார்த்தேன். நான் காலைத் தூக்கவே இல்லை, ஆனால் ஒரு இடம் தள்ளி, வலது பின்மூலையில் நின்றுகொண்டிருந்தேன். அது சர்வீஸ் போடுகிறவள் இடம். எப்போதும் மகளிடம் போகிற பந்து, முதல் தடவையாக என் காலடிக்கு உருண்டு வந்தது.

எதிரே மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முட்டியை மடக்கி, கைகளைச் சேர்த்து நீட்டினாள்.

"போடும்மா," என்றாள்.

என் ஜென்மத்தில் நான் பந்தைத் தொட்டதில்லை. கைக்கு மட்டும் எப்படி அடிப்பதென்று தெரிந்திருந்தது.