லட்சத்துக்கு இருபது கிலோ

அந்த ஊர் வங்கியில் கல்விக் கடனைப் பணமாகத் தருவதில்லை. ஆளாகத் தருவார்கள். லட்சத்துக்கு இருபது கிலோ என்பது கணக்கு. வாங்கியவர் அதை முதுகில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மூன்று வேளை சாப்பாடு போட வேண்டும். சாப்பிடச் சாப்பிட அது கனக்கும். அந்தக் கனத்துக்குப் பெயர் வட்டி.

இதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. நாலாவது தெரு தவசி இஞ்சினியரிங் முடித்துப் பதினோரு வருடம் ஆகிறது. பைக்கில் வீடு வீடாகப் போய்ச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறான். அவன் முன்னால் உட்கார்ந்திருப்பான், அவன் கடன் பின்னால் உட்கார்ந்திருக்கும். போலீஸ்காரர் தவசியிடம் மட்டும்தான் ஹெல்மெட் கேட்பார். கடனுக்கு அடிபடாது என்று அவருக்குத் தெரியும்.

அழகுமீனா நர்ஸ் ஆவதென்று ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவு கட்டியிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் "ம்" என்ற ஒற்றைச் சத்தத்தில் நாற்பது பேரை வரிசையில் நிறுத்தியதை அவள் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலரும் இருந்தார். அவரும் வரிசையில் நின்றார். அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கனகசிகாமணி நர்சிங் கல்லூரியிலிருந்து. நான்கு வருடப் பட்டப்படிப்பு, ஏழரை லட்சம். தங்க எழுத்து, கல்யாணப் பத்திரிகைத் தாள், பிரித்தால் பன்னீர் வாசம். இன்னொன்று பக்கத்து மாவட்டத்து அரசு நர்சிங் பள்ளியிலிருந்து. மூன்று வருட டிப்ளமா. சீருடை, புத்தகம், சாப்பாடு எல்லாம் சேர்த்து அறுபதாயிரம். அது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். அதில் அவள் பெயரை ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

இரண்டுக்கும் சேருவதற்குக் கடைசி நாள் ஒன்றே. அந்த நாள்தான் இது.

அழகுமீனா கணக்குப் போட்டுவிட்டாள். ஒன்று நூற்றைம்பது கிலோ. மற்றது பன்னிரண்டு கிலோ. அவள் எடை நாற்பத்து மூன்று.

"டிப்ளமா என்னத்தா டிப்ளமா," என்றார் அவள் அப்பா சங்கிலி. "பட்டம்னு ஒண்ணு வேணாமா? கிட்டங்கியில எவன் மக பட்டம் வாங்கிருக்கா, சொல்லு."

"ரெண்டு பேரும் ஒரே ஊசியத்தான்பா போடுவாங்க."

"ஊசி ஒண்ணுதான். போடுற கைக்கு ஒரு மரியாதை இருக்குல்ல?"

சங்கிலி பருப்புக் கிட்டங்கியில் முப்பது வருடமாக மூட்டை தூக்குகிறவர். கிட்டங்கிக்காரர்களுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. தூக்குவதற்கு முன்னால் கனம் கேட்கக் கூடாது. கேட்டால் மூட்டைக்குப் பயந்தவன் என்று பெயர். தூக்கிய மூட்டையைப் பாதி வழியில் இறக்கக் கூடாது. இறக்கினால் பெயரே கிடையாது. சங்கிலி இரண்டையும் மீறியதில்லை. அதனால் அவர் கழுத்து, நிமிர்வது என்ற வேலையை எப்போதோ விட்டுவிட்டது.

படிக்கிற காலம் முழுக்கப் பெற்றவர்தான் கடனைத் தூக்க வேண்டும் என்பது வங்கி விதி. படிப்பு முடிந்ததும் பிள்ளை முதுகுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது என்ன எடையோ அந்த எடை. லட்சத்துக்குக் கீழே உள்ளதைப் பிள்ளையே கையில் எடுத்துப் போகலாம். அழகுமீனாவுக்கு இந்த விதி மனப்பாடம். நான்கு வருடம் அந்த நூற்றைம்பது கிலோ அப்பாவின் கழுத்தில் உட்கார்ந்தால், பட்டமளிப்பு விழாவுக்கு வர அப்பா இருக்கமாட்டார். கழுத்து மட்டும் எங்காவது கிடக்கலாம்.

பதினோரு மணிக்கு வங்கியில் மேலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். முதல் கேள்வி: 'விண்ணப்பதாரர் இருக்கிறாரா?'

அழகுமீனா 'ஆம்' என்று எழுதினாள்.

"யார் பாத்தது?" என்றார் மேலாளர்.

"நான் பாத்திருக்கேன் சார்," என்றார் சங்கிலி. "பதினெட்டு வருசமா."

"நீங்க சொந்தக்காரர். செல்லாது."

சுவரோரப் பெஞ்சில் நல்ல பருமனான ஆள் ஒருவர் சஃபாரி சூட் போட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள இருக்கு சார். நான் சாட்சி," என்றார்.

"கடன் சொன்னா சரிதான்," என்று மேலாளர் முத்திரை குத்தினார். "இதுதான் உங்க ஏழரை. ஒரு மணி வரைக்கும் தூக்கிப் பாக்கலாம். ஒரு மணி இதுக்குச் சாப்பாட்டு நேரம். அதுக்குள்ள கொண்டுவந்து விட்டுட்டா ஒண்ணுமில்ல. உங்க கையால ஒரு வாய் ஊட்டிட்டீங்கன்னா, அப்புறம் அது உங்களது."

"சார், நாலு வருசத்துல இது எவ்வளவு கனக்கும்?" என்று கேட்டாள் அழகுமீனா.

சங்கிலிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏத்தா, நாலு பேர் இருக்கையில கனம் கேக்காத. மானம் போகுது." அவர் துண்டைச் சும்மாடாகச் சுற்றிப் பிடரியில் வைத்துக் குனிந்தார். கடன் பழகிய இடத்தில் ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்தது.

"நல்ல முதுகு," என்றது.

"தாங்ஸ்," என்றார் சங்கிலி.

கனகசிகாமணி கல்லூரியில் கடனோடு வருகிறவர்களைத்தான் உள்ளே விடுவார்கள். வாசலில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அதில் தாளாளர் கனகசிகாமணி ஒரு குழந்தைக்கும், ஒரு கிழவருக்கும், ஒரு பசுமாட்டுக்கும் ஒரே நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மாடு அவரைப் பார்த்துக் கும்பிட்டது.

தாளாளர் நீண்ட வராந்தாவின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தூரத்திலும் பிரம்மாண்டமாகத் தெரிந்தார். பக்கத்தில் மைக்கோடு ஒருவர். தாளாளர் வாய் திறக்கும்போதெல்லாம் அவர் முந்திக்கொண்டார்.

"கல்வித் தந்தை, கருணைச் சிகரம், செவிலியர் குலத்தின் செம்மல், அய்யா அவர்கள் பேசுவார்கள்!"

"வாங்க," என்றார் தாளாளர்.

"பேசினார்கள்!" என்றார் மைக்காரர்.

"அய்யா, ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் அழகுமீனா. "இங்க படிச்சு முடிச்சவங்களுக்கு உங்க ஆஸ்பத்திரியிலயே வேலை தர்றீங்களாமே. மாசம் என்ன சம்பளம்?"

வராந்தா பத்தடி நீண்டது.

சங்கிலி கால்மாற்றி நின்றார். அழகுமீனா பத்தடி முன்னால் நடந்தாள். "சம்பளம் என்னன்னு கேட்டேன்யா."

வராந்தா இன்னும் இருபதடி நீண்டது. பக்கச் சுவரில் புதிதாக நான்கு கதவுகள் முளைத்தன. ஒன்றில் 'ஜெர்மனி' என்று எழுதியிருந்தது. திறந்து பார்த்தாள். துடைப்பங்கள் இருந்தன.

"நர்சிங்கறது சேவைம்மா," என்றார் தாளாளர் தூரத்திலிருந்து. "சேவைக்குச் சம்பளம் கேக்கலாமா?"

"அப்ப சேவைக்கு ஃபீஸ் மட்டும் எதுக்குய்யா?"

மைக்காரர் பட்டங்களைத் தொடங்கப் பார்த்தார். எந்தப் பட்டம் இதற்குப் பொருந்தும் என்று அவருக்குத் தெரியவில்லை. வராந்தா தன் பாட்டுக்கு நீண்டது. அழகுமீனாவும் தன் பாட்டுக்கு நடந்தாள். நீளுவது வராந்தாவின் வேலை, நடப்பது தன் வேலை என்று வைத்துக்கொண்டாள். செருப்பு ஓரிடத்தில் அறுந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். நீள்வதில் வராந்தாவுக்கும் ஓர் அளவு இருந்தது. அரை மணி நேரத்தில் அதற்கு மூச்சு வாங்கிவிட்டது.

ஒரு விஷயத்தை அவள் கவனித்தாள். அருகே போகப் போகத் தாளாளர் சிறிதாகிக்கொண்டே வந்தார். பாதி வழியில் சாதாரண மனிதர் அளவு இருந்தார். நாற்காலியருகே போய் நின்றபோது அவள் முழங்கால் உயரம்கூட இல்லை. நான்கு மெத்தைகளை அடுக்கி, அதன்மேல் உட்கார வைத்திருந்தார்கள்.

அவள் குந்தி உட்கார்ந்து காதைக் கொடுத்தாள்.

"ஒம்பதாயிரம்," என்றார் தாளாளர், கொசுக் குரலில்.

"இந்தக் கடனோட சாப்பாட்டுச் செலவே மாசம் பன்னெண்டாயிரம் ஆகும்யா. மூவாயிரம் உதைக்குதே."

"அத மனநிறைவ வச்சுச் சரிக்கட்டணும்."

"மனநிறைவு நல்லா பசியாத்துமா?" என்று, பின்னாலேயே நடந்து வந்திருந்த சங்கிலியின் முதுகிலிருந்து கேட்டது கடன். அதற்கு அது உண்மையான சந்தேகம்.

மணி பன்னிரண்டு நாற்பது. தாளாளர் சுண்டுவிரலை அசைத்தார். நான்கு பேர் ஓடிவந்து சங்கிலியின் தோளில் ஒரு சரிகை நாடா போட்டார்கள். 'பெற்றோர் திலகம்' என்று அதில் இருந்தது. வாழையிலை விழுந்தது. சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது.

"பெரியவரே, முதல் வாயை உங்க கையால நம்ம விருந்தாளிக்குக் குடுங்க. சும்மா ஒரு சம்பிரதாயம்," என்றார்கள்.

சங்கிலியை அதுவரை யாரும் பெரியவரே என்று அழைத்ததில்லை. 'ஏ சங்கிலி' என்பார்கள், அல்லது விசில் அடிப்பார்கள். அவர் குனிந்த கழுத்தோடு நாடாவை நீவிப் பார்த்தார். சோற்றைப் பிசைந்து உருட்டினார். கடன் அவர் தோளுக்கு மேலே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

"யப்பா, கைய எடு. எறக்கு அத."

"எப்படித்தா எறக்குவேன்? பாதி வழியில எறக்குனேன்னு நாளைக்குக் கிட்டங்கியில தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்னப்பா?"

"முப்பது வருசம்த்தா," என்றார் சங்கிலி. அதற்கு மேல் அவரிடம் வாதம் இல்லை. அதுவே நிறைய இருந்தது. உருண்டை கடனின் வாயை நோக்கிப் போனது.

சண்டை போட்டு ஆகாது என்று அழகுமீனாவுக்குத் தெரிந்தது. அவள் திரும்பினாள். அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலை மடக்கி, துப்பட்டாவைச் சுருட்டிப் பிடரியில் வைத்தாள்.

"தோள் மாத்து," என்றாள்.

கிட்டங்கியில் ஒருவன் அப்படி முதுகு கொடுத்து நின்று அந்தச் சொல்லைச் சொன்னால், சுமக்கிறவன் கொடுத்தே ஆக வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டால் கூட்டாளி இல்லை. சங்கிலியின் கை நடுவழியில் நின்றது. உருண்டை இலையில் விழுந்தது.

"உனக்கு யாரு இதச் சொல்லிக் குடுத்தா?"

"உனக்குச் சாப்பாடு கொண்டாரப்பல்லாம் என் கண்ணு சும்மாவா இருந்துச்சு? மாத்துப்பா."

சங்கிலி சாய்ந்தார். கடன் "அட, அட" என்றபடி சரிந்து அவள் முதுகுக்கு வந்தது.

அழகுமீனாவின் முழங்கால் தரையைத் தொட்டது. நான்கு பேரும் சிரிக்கத் தயாரானார்கள். மைக்காரர் மைக்கை மூடினார். அவள் ஒரு காலை ஊன்றினாள். பிறகு இன்னொன்றை. மூன்றாவதாக ஒரு கால் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லாததால் இரண்டிலேயே எழுந்தாள்.

வங்கி ஒன்றரை பர்லாங். வெயிலில் இளகிய தார்ச் சாலையில் அவள் கணுக்கால்வரை புதைந்து புதைந்து எடுத்து வைத்தாள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனது.

"எனக்குப் பசிக்குது," என்றது கடன்.

"பசிக்கட்டும்."

"உனக்குப் பட்டம் வேணாமா?"

"வேணும். வேலைக்குப் போயி, அந்தச் சம்பளத்துல படிப்பேன். நீ காலைத் தொங்கப் போடாத, தட்டுது."

சங்கிலி பக்கத்தில் வெறுங்கையாக நடந்தார். வெறுங்கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் பின்னால் கட்டினார். கொஞ்ச தூரம் முன்னால் கட்டினார். பாலத்துக்குப் பக்கத்தில் வந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"ரொம்பக் கனமாத்தா?"

முப்பது வருடத்தில் அவர் கேட்ட முதல் கனம் அது.

"நூத்தம்பத்தொண்ணு," என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. "சாம்பார் வாசத்துக்கே ஒரு கிலோ ஏறிருச்சு."

சங்கிலி நாடாவைக் கழற்றினார். அதை மடித்து அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார். சரிகை கொஞ்சம் கீறியது.

வங்கிக் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. அழகுமீனா மேலாளரின் மேசைமேல் கடனை இறக்கினாள். மேசையின் நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின. மேலாளர் தரையில் உட்கார்ந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். 'திருப்புவதற்கான காரணம்' என்ற இடத்தில் அவள் 'கனம்' என்று எழுதினாள்.

"இப்படி யாரும் எழுதுனதில்லையேம்மா," என்றார் அவர். "எல்லாரும் குடும்பச் சூழ்நிலைன்னுதான் எழுதுவாங்க."

"அதோட எடைதான் சார் இது."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். பிறகு உள்ளே போய் அறுபதாயிரத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அது குடத்தின் உயரம் இருந்தது. மீசை வைத்திருந்தது. பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தது. சங்கிலி காலையில் பெஞ்சடியில் விட்டுப்போயிருந்த தூக்குச்சட்டியிலிருந்து அழகுமீனா ஒரு வாய் தயிர்ச்சோறு எடுத்து அதற்கு ஊட்டினாள். கடன் ருசித்துச் சாப்பிட்டு, ஊறுகாய் இல்லையா என்று கேட்டது. இல்லை என்றாள்.

பக்கத்து மாவட்டத்துக்குப் போகும் ஒன்றே கால் மணிப் பேருந்தில் ஏறினாள். சங்கிலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நான்கு எட்டு நடந்தார். "போர்டு பாத்து எறங்கு" என்றார். பேருந்து முந்திவிட்டது.

நடத்துனர் வந்து அவள் மடியைப் பார்த்தார். "இது என்னம்மா, ஆளா, லக்கேஜா?"

"ஆள்," என்றது கடன்.

"லக்கேஜ்," என்றாள் அழகுமீனா.

"லக்கேஜ்னா பதினஞ்சு ரூபா."

கடன் சட்டைப்பையில் கைவிட்டு மூன்று ஐந்து ரூபாய் நாணயங்களை எடுத்து நீட்டியது. "நான் குடுக்கேன். நீ பெறகு தா. என்ன அவசரம்?"

நாணயங்கள் புதிதாகப் பளபளவென்று இருந்தன. நடத்துனர் கையை நீட்டினார்.

"கைய உள்ள வை," என்றாள் அழகுமீனா கடனிடம். தன் பர்ஸைத் திறந்தாள். ஒரு பத்து ரூபாய்த் தாளும், ஐந்து ஒற்றை ரூபாய்களும் எண்ணிக் கொடுத்தாள். நடத்துனர் சீட்டைக் கிழித்தார். கடன் நாணயங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

பேருந்து மூன்றாவது கியருக்கு மாறியது. கடன் அவள் மடியில் எடை கூடாமல் உட்கார்ந்திருந்தது.