உட்கார்ந்த மெம்பர்

வலது தோள்பட்டை அவளுக்கு முன்னால் விழித்துக்கொள்ளும். விடிகிற நேரத்துக்கு அந்த வலி வந்து உலுக்கி எழுப்பிவிடும். வருஷக்கணக்கில் குப்பைத் தொட்டி தூக்கிய தோள். நகர மன்றத்து நாற்காலியில் ஒரு தவணை முழுக்க உட்கார்ந்தும் அது தன் பழைய நேரத்தை மறக்கவில்லை.

அன்றைக்கும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, இஸ்திரி போட்ட துணியை உடுத்தி, சந்து முனையில் பிரச்சார ஆட்டோவுக்காக நின்றாள். ஆட்டோவுக்கு முன்னால் குப்பை வண்டிதான் வந்தது.

வண்டிக்குப் பின்னால் ஒரே ஆள். எல்லாரும் மாப்பிள்ளை என்று கூப்பிடும் ஒல்லி மனிதன். பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் அவனுக்கு அந்தப் பேர் போகவில்லை. இந்த வாசலுக்கும் எதிர் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். தொட்டியிலிருந்து வழிந்த அழுகல் தண்ணீர் அவன் கழுத்தில் இறங்கியது. துடைக்க நேரமில்லை, வண்டி நிற்காமல் ஊர்ந்தது.

பெரிய தொட்டி ஒன்றை அவன் இழுக்க முடியாமல் இழுத்தபோது அவள் போய் மறு காதைப் பிடித்தாள். யோசித்துச் செய்ததில்லை. கை போய்விட்டது.

"விடுக்கா. ஓட்டு கேக்கப் போற கை நாறினா எவன் போடுவான்?"

"வாயை மூடிட்டுத் தூக்குடா. இது கட்டையன் லைனாச்சே, அவன் எங்க?"

தொட்டியைக் கவிழ்த்த பிறகுதான் மாப்பிள்ளை பதில் சொன்னான். "ஆஸ்பத்திரியில. நேத்து கை மாட்டிக்கிச்சுக்கா. உள்ள சிக்கின மூட்டையை இழுத்திருக்கான். டிரைவருக்குப் பின்னாடி நடக்கறது தெரியல, குப்பையை அமுக்கற லீவரைப் போட்டுட்டாரு. நிறுத்துன்னு கத்த ஆளில்ல."

"கை?"

"மணிக்கட்டோட எடுத்துட்டாங்க."

முன்பெல்லாம் வண்டிக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் கையை உள்ளே விட்டால் இன்னொருவர் வேறு வேலை பார்க்கக் கூடாது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கை வெளியே வந்த பிறகுதான் டிரைவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். கை ஒருத்தருது, கண்ணு இன்னொருத்தருது என்பார்கள். கட்டையனுடைய கைக்குப் பல வருஷம் கண்ணாக நின்றவள் அவள்.

"இன்னொண்ணுக்கா. உங்க ஊர்வலத்துக்கு வரலைன்னா நாளையிலிருந்து வேலை இல்லையாம். ஆஜரே அங்கதான் எடுக்கறாங்களாம்." சொல்லிவிட்டு அவன் வண்டிக்குப் பின்னால் ஓடினான்.

ஆட்டோ வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் கதவு அகலத்துக்கு அவளுடைய முகம் சிரித்தது. கீழே குப்பைக் கான்ட்ராக்டரின் பேர், அவள் பேரைவிடப் பெரிய எழுத்தில். அவள் தலையைக் குனிந்து உள்ளே ஏறினாள்.

குப்பை அள்ளும் வேலையைக் குத்தகைக்கு விட்டு, இரண்டு ஆளை ஓர் ஆளாக்கிய தீர்மானம் வந்தபோது அவள் மன்றத்துக்குப் புதுசு. வண்டி ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலை ஒப்பவில்லையென்றால் கத்த மாட்டார்கள், தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவர்களைப் பார்த்தால் மேஸ்திரிக்கு வியர்த்துவிடும். தலைவர் தீர்மானத்தைப் படித்ததும் அவளும் கையைக் கட்டிக்கொண்டு, கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தாள். சிலர் எழுந்து நின்றார்கள். பயந்தாங்கொள்ளிகள், பணிந்துபோகிறார்கள் என்று நினைத்து இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தாள். அந்த மன்றத்தில் எதிர்ப்பவர்கள்தான் எழுந்து நிற்க வேண்டும்; உட்கார்ந்திருப்பவர்களெல்லாம் ஆதரவு. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தீர்மானம் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

குப்பை வண்டி ஷெட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னாள். முதலில் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. 'உட்கார்ந்த மெம்பர்' என்ற பேர் மட்டும் தங்கிவிட்டது. கான்ட்ராக்டர் அன்றே ஒரு பெட்டி மிட்டாய் அனுப்பினார். இந்தத் தேர்தலுக்கு அவர் கைகாட்டினால்தான் சீட்டு என்று கட்சியில் சொன்னபோது தலையாட்டினாள். இன்னொரு தடவை உள்ளே போனால் அதே மன்றத்தில் அந்தத் தீர்மானத்தைப் புரட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். பொறிக்குள் போகிற எலிக்கும் கருவாட்டைக் கவ்விக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் எண்ணம்.

ஷெட் வாசலில் ஆட்கள் கொடியோடு வரிசையில் நின்றிருந்தார்கள். மேஸ்திரி ஆஜர் எடுத்து முடித்திருந்தான். வெள்ளைச் சட்டையில் கான்ட்ராக்டர் எதிரே வந்தார்.

"வாங்க மெம்பர். ஏன் முகம் தொங்கிக் கிடக்கு? போஸ்டர்ல இருக்கிற மாதிரி சிரிங்க."

வரிசைக்கு அப்பால் கட்டையனின் பெண்டாட்டி நின்றாள். அவள் மேல் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. புருஷனின் செருப்பை ஒரு பையில் போட்டு மார்போடு வைத்திருந்தாள்.

"ஓட்டு கேக்க வந்தியாக்கா? அங்கயும் போய்க் கேளு. மை வைக்க இன்னொரு கை மிச்சம் இருக்கு."

மெம்பர் அவளிடம் போனாள். கான்ட்ராக்டர்தான் முந்திக்கொண்டார். "அது அவனோட அஜாக்கிரதைம்மா. உள்ள கையை விடுன்னு நான் சொன்னேனா?"

"கையை விடாம மூட்டை எப்படிங்க வரும்?" என்றாள் மெம்பர்.

"நீங்க ஏறுங்க. அதெல்லாம் ஜெயிச்சப்புறம் பேசிக்கலாம்."

"வண்டிக்கு இன்னொரு ஆள் போடுங்க. இன்னைக்கே."

"நின்னு வேடிக்கை பாக்கறவனுக்கு எவன் கூலி குடுப்பான்?" கான்ட்ராக்டர் சிரித்தார். "ஓர் ஆள் போதும்னு தீர்மானம் போட்டது யாரு? நானா? உங்க மன்றம். நீங்கதானே உட்கார்ந்து நிறைவேத்திக் குடுத்தீங்க?"

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மெம்பர் ஆட்டோவைப் பார்த்தாள். ஏறினால் பொம்மை, ஏறாவிட்டால் ஒன்றுமில்லாதவள்.

"அவ தெரியாம உட்கார்ந்தா." கட்டையனின் பெண்டாட்டி கான்ட்ராக்டருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். "நீ தெரிஞ்சே ஆளைக் குறைச்ச. எதுக்குய்யா அவளைச் சொல்ற?"

மெம்பர் ஆட்டோவில் இருந்த மைக்கை எடுத்தாள்.

"எல்லாருக்கும் ஆஜர் போட்டாச்சா?"

"போட்டாச்சு!" என்றான் பின்வரிசையில் வந்து சேர்ந்திருந்த மாப்பிள்ளை.

"அப்ப ஊர்வலம் கிளம்பட்டும். வார்டுக்குள்ள வேணாம். நேரா நகராட்சி ஆபீஸ். வண்டிக்கு ரெண்டு ஆள்னு எழுதி வாங்காம..."

மைக் செத்தது. கான்ட்ராக்டர் ஆட்டோ சாவியை உருவியிருந்தார். "ஆட்டோ என்னுது, மைக் என்னுது! கட்சிக்கு இப்பவே போன் போடறேன். சாயங்காலத்துக்குள்ள நீ யாரோ, நான் யாரோ!"

"மைக்கை நீங்களே வெச்சுக்கங்க முதலாளி," என்றான் மாப்பிள்ளை. "நாங்க 'குப்பை'ன்னு ஒரு குரல் குடுத்தா நாலு தெரு எழுந்து வரும்."

யாரோ பக்கென்று சிரித்தார்கள். முதலில் மாப்பிள்ளை நகர்ந்தான். அவன் பின்னால் ஒருவர், இருவர், பிறகு ஒரு கொத்தாகச் சிலர். பாதிப் பேர் வாசலைத் தாண்டவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் உலை காத்திருக்கிறது. கட்டையனின் பெண்டாட்டி மெம்பரின் முழங்கையைப் பற்றிக்கொண்டு நடந்தாள். அந்தப் பிடியில் ஆதரவும் இருந்தது, இனி தப்பித்துப் போய்விடாதே என்ற எச்சரிக்கையும் இருந்தது.

நகராட்சி வாசலில் கம்பிக் கதவு பூட்டிக் கிடந்தது. காவலாளி உள்ளேயிருந்தே சொன்னான். "மெம்பர் மட்டும் வரலாம். மத்தவங்க கலைஞ்சு போங்க."

"நான் தனியா உள்ள போய் நல்லது நடந்ததில்லப்பா. கதவைத் திறந்தா எல்லாரும் வர்றோம். கமிஷனர் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கோம்."

அவளுடைய போன் அடித்தது. கட்சி ஆபீஸ். எடுத்தால் சீட்டு போச்சு, எடுக்காவிட்டாலும் போச்சு. அடிக்க விட்டாள். வெயில் ஏறியது. தெருமுனையில் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். ஷெட்டில் நின்றுவிட்டவர்களில் சிலர் வந்துகொண்டிருந்தார்கள், கொடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கியபடி. கூட்டம் விலகி அவர்களுக்கு நிழலில் இடம் விட்டது.

கதவு திறக்கவில்லை. அவள் திரும்ப மெம்பராவாளா என்பதும் தெரியவில்லை. வண்டிக்கு இன்னோர் ஆள்: இந்த நகராட்சி அவர்களுக்குப் பட்ட கடன் அது. இன்னும் தீரவில்லை.