இருபது விநாடி நீல வெளிச்சம்

செத்துப்போன மனைவி அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து ஆறு வருடம் பேசினாள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் பேசுவாள். டீக்கு வாய் திறக்கமாட்டாள். சொல்வது எப்போதும் ஒன்றேதான்: “அசையாதீங்க. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்.” அவள் பல் டாக்டர். சாவதற்கு நாலு வருடம் முன்பு அவருடைய சொத்தையைச் சுரண்டி, பசை தடவி, பல்லின் நிறத்திலேயே அடைத்து, அது இறுக இருபது விநாடி நீல விளக்கைக் காட்டினாள். மனுஷன் பயந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்போது அவள் சொன்னதுதான் அது. அடைப்போடு சேர்ந்து அதுவும் இறுகிவிட்டது.

அவர் மின்சார அலுவலகத்தில் புகார் எழுதும் குமாஸ்தா. நாள் முழுக்க ஊரார் திட்டுவதைத் தொலைபேசியில் கேட்டு எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபிரிட்ஜைத் திறப்பார். ஒரு மடக்கு குடிப்பார். அவள் பேசுவாள். அவர் “சரி” என்பார். அந்த வீட்டில் ஒரு நாளைக்கு நடக்கிற பேச்சு அவ்வளவுதான். வேறு யார் இருக்கிறார்கள் பேச?

ஐந்தாம் வருடம் “எங்கயும்” தேய்ந்தது. பிறகு “இங்கதான்” கரகரத்தது. அவளுடைய கிளினிக்கை எடுத்து நடத்தும் இளம் டாக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “ஒட்டின அன்னைக்கு இரும்பு மாதிரிதான் சார் இருக்கும். வருஷம் போகப் போக ஈரம் புகுந்து பசையை அரிச்சிடும். மேடம் கை பட்டதால ஒன்பது வருஷத்துக்கு மேல தாங்கிச்சு. ஓரத்துல விட்டுப்போச்சு, உள்ள மறுபடி சொத்தை. எடுத்தே ஆகணும்.”

அவர் எடுக்கவிடவில்லை. ஒரு பக்கமாகவே மென்றார். குளிர்ந்த தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு மடக்கு, வாரத்துக்கு ஒரு மடக்கு என்று குறைத்தார். கேட்டால் தண்ணீர் பசையை அரிக்கும், கேட்காவிட்டால் வீடு அவரை அரித்தது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் எட்டு மாதம் ஓட்டினார். தாடை வீங்கியதும் அக்கா வந்து நின்றாள். “பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. நீ சொல்லு போயிடுமேன்னு பல்லைப் பிடிச்சிக்கிட்டுத் தொங்குற! அவளே இருந்திருந்தா முதல் நாளே பிடுங்கி எறிஞ்சிருப்பா. கிளம்புடா!”

கிளம்பினார், ஒரு திட்டத்தோடு. அவள் குரல் போனால் போகட்டும், அவள் சொன்னதாவது மிஞ்சட்டும். நீல விளக்கு எரியும்போது அதைத் தன் வாயாலேயே சொல்லிவிடுவது. மூன்று நாள் கண்ணாடி முன் பழகினார்.

பழைய அடைப்பு ஒரே நெம்பில் முழுசாக வந்தது. குளிர்ந்த தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்த்தார்கள். மூச்சு விடவில்லை. பல்லோடு ஒட்டியிருந்தவரைதான் அதற்குப் பேச்சு. அவர் குழந்தைபோல அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை டாக்டர் காத்து நின்றாள், பல் உலர்ந்திருக்க வேண்டுமே. பிறகு பசை தடவி, அடைத்து, விளக்கைப் பிடித்தாள்.

ஐயோ பாவம், பல் டாக்டரைக் கட்டி அத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும், திறந்த வாயோடு ஒரு வார்த்தை பேச முடியாது என்பது மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. கன்னத்தில் பஞ்சு, நாக்கின் மேல் டாக்டரின் விரல். “ஆ... ஆஆ... ஆ...” என்றுதான் வந்தது. இருபது விநாடியும் விடாமல் சொன்னார்.

இப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்தப் பல் அவர் குரலிலேயே “ஆ... ஆஆ... ஆ...” என்கிறது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் அதைக் கேட்டுப் பதறிப்போய், “என்ன சார், வலிக்குதா?” என்றாள்.

“இல்லம்மா. அசையாதீங்க, நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்னு சொல்லுது.”

“அப்படியா சார்” என்று சொல்லிவிட்டு, மணியடித்த தொலைபேசியை அவள் எடுத்தாள்.