தங்கப் பூச்சில் ஒரு செம்புப் புள்ளி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அது நடந்து ஆறு வருடமாகிறது. பதினோரு முறை எழுதத் தொடங்கிவிட்டேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: “பிதுக்கும் குழாயை மனிதன் எதனால் செய்கிறான் என்று பார்த்தால் அவன் எதற்குப் பயப்படுகிறான் என்பது தெரிந்துவிடும். காற்று புகுந்துவிடும் என்று பயந்தால் அலுமினியம். நசுங்கிப்போகும் என்று பயந்தால் பிளாஸ்டிக். இரண்டுக்கும் பயந்தால்—”

[அடித்துவிட்டேன். ஒரு பெண்ணின் வேலை போகக் காரணமானவன் உட்கார்ந்து தத்துவம் பேசினால் செருப்பால் அடிக்க வேண்டாமா?]

2

நேராகவே சொல்கிறேன். தைவானில், லுகாங் பக்கம், மருந்துக் களிம்புக்கு அலுமினியக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். வேதியியல் படிக்க வந்தவன், இருபத்திரண்டு வருடமாக இங்கேயே கிடக்கிறேன். எழில்வாணன் என்ற பெயர் இவர்கள் வாயில் ஆ-வான் ஆகிவிட்டது.

சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வில்லை. அச்சு இயந்திரம் ஓங்கி ஓர் அடி அடித்தால் அது குழாயாகிவிடும். வெறும் அலுமினியத்தில் களிம்பு பட்டால் அரித்துக் கறுத்துப்போகும் என்பதால், உள்ளே தங்க நிறத்தில் ஒரு பூச்சைத் தெளிப்பார்கள். தெளிப்பு இயந்திரம் லி-ஜு அக்காவின் பொறுப்பு. அந்தப் பூச்சில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. குழாயில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, வெட்டி விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் அங்கே செம்பு படிந்து சிவப்பாக ஒரு புள்ளி விழும்.

எனக்குச் சிவப்பு தெரியாது.*

* பிறவியிலேயே. சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் என் கண்ணுக்கு ஒரே சேறு. வேலைக்குச் சேரும்போது யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

3

இங்கே ஒவ்வோர் இயந்திரத்தின் தலையிலும் ஒரு தேங்காய்ப் பொரி பாக்கெட் இருக்கும். அந்தப் பொரியின் பெயருக்கே ‘சமர்த்தாயிரு’ என்றுதான் அர்த்தம். பச்சை பாக்கெட்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் இயந்திரம் மக்கர் பண்ணாமல் பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும் என்று இவர்களுக்கு நம்பிக்கை. சிவப்பு வைத்தால் போச்சு. ஒருநாள் வாங்கி வைக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் வைத்ததைப் பார்த்துவிட்டு லி-ஜு அக்கா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“டேய் ஆ-வான், இது என்ன கலரு?”

“பச்சைக்கா.”

“என் உதட்டுச் சாயம்?”

“சிவப்பு.”

“நான் இன்னிக்குச் சாயமே போடலடா, மடையா!”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “முதலாளிக்குத் தெரிஞ்சா உன்னை மூட்டை கட்டி அனுப்பிருவாரு. வெட்டின குழாயை எங்கிட்ட கொண்டா. நான் பாத்துச் சொல்றேன்.”

தெளித்தவளே பரிசோதிக்கக் கூடாது என்பது விதி. தெரிந்தேதான் செய்தோம். ஒன்பது வருடம் அவள் கண்ணால் பார்த்து, என் கையால் கையெழுத்துப் போட்டேன். அவள் ஏன் இதைச் செய்தாள்? [என்னைப் பார்த்தால் அவளுக்குத் தன் மகன் ஞாபகம் வந்தது என்று ஒரு காரணம் எழுதிப் பார்த்தேன். அவளுக்கு மகனே கிடையாது. பதினோரு முறை எழுதியும் காரணம் பிடிபடவில்லை. நல்லவள், வேறென்ன.]

4

முன்னோர் கல்லறையைக் கூட்டிப் பெருக்கிப் படைக்கும் திருநாளுக்கு முந்தின நாள். மதியமே லி-ஜு அக்கா தன் புருஷனுடைய ஊருக்குப் புறப்பட்டுவிட்டாள். அன்று காலையில் அவள் தெளித்த குழாய்களை நான் தனியாகப் பரிசோதித்தேன். அவள் வரும்வரை மூன்று நாள் நிறுத்தி வைத்திருக்கலாம். லாரி வாசலில் நின்றது. இத்தனை வருடம் பார்த்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஒரு திமிர். சுத்தமாகத்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதத்தில் குழாய்கள் திரும்பி வந்தன. எல்லாம் உப்பியிருந்தன, உள்ளே களிம்பு கறுத்திருந்தது. தெளிப்பு முனை பாதி அடைத்துப்போயிருக்கிறது. காலைக் கூட்டத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க, முதலாளி சாய் ஒரு குழாயை வெட்டிக் காட்டினார்.

“ஆ-வான், நீதானே கையெழுத்துப் போட்டே?”

“நான் பார்த்ததுல சுத்தமா இருந்துச்சு, சார்.”

பாருங்கள், அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

“அப்போ மாதிரிக்கு எடுத்தது மட்டும் தப்பிச்சிருக்கு. முனை அடைச்சதைக்கூடக் கவனிக்காம என்னத்தைக் கிழிச்சே, லி-ஜு?”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வாய் பேசியிருந்தால் நான் தொலைந்திருப்பேன். “என் தப்புதான், முதலாளி” என்றாள்.

5

முடிவு அ: “நிறுத்துங்க! எனக்குச் சிவப்பு தெரியாது!” என்று நான் கத்தி— [கத்தவில்லை.]

முடிவு ஆ: அவள் வாசலில் நின்று என் முகத்தில் காறி— [துப்பவில்லை. துப்பியிருக்கக் கூடாதா, பாவி!]

நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பத்து நான்கு வயதில் வேலை போனது. ‘பூச்சைக் கெடுத்தவ’ என்ற பெயர் அவளுக்கு முன்னால் எல்லாத் தொழிற்சாலைக்கும் போய்ச் சேர்ந்தது. இப்போது சாலையோரக் கடையில் உட்கார்ந்து பாக்குக்கு வெற்றிலை சுற்றுகிறாள். என்னைக் கண்டால் “சாப்பிட்டியா?” என்கிறாள்.*

* அதற்குப் பிறகு முதலாளி மின்சாரக் கருவி வாங்கிப் போட்டார். ஓட்டையை எண்ணாகக் காட்டிவிடும். இனி யார் கண்ணும் எனக்குத் தேவையில்லை.

6

போன மாதம் வெற்றிலை சுற்றிக்கொண்டே கேட்டாள். “கதையெல்லாம் எழுதுறியாமே. அதுல நான் வர்றேனா?”

“வர்றீங்கக்கா.”

“படி, கேப்போம்.”

கைபேசியைப் பார்த்து அவள் மொழியில் சொல்லிக்கொண்டே வந்தேன். உதட்டுச் சாயம் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். கூட்டத்துக்கு வந்ததும் என் நாக்கு தானாகப் புரண்டது: “அப்போ ஆ-வான் வரிசையை விட்டு வெளியே வந்து, தப்பு என்னோடதுன்னு எல்லார் முன்னாலயும் சொன்னான்.”

அவள் கை நின்றது. “அப்படியா எழுதியிருக்கே?”

“ஆமாக்கா.”

“யாரு படிப்பாங்க இதை?”

“எங்க ஊர்க்காரங்க.”

அவள் அடுத்த வெற்றிலையை எடுத்தாள். “நல்லதுடா. அங்கயாவது என் பேரு சுத்தமா இருக்கட்டும்.”

7

நாளைக் காலை எட்டு மணிக்குக் கூட்டம் இருக்கிறது. முதலாளி சாய் வருவார், எல்லாரும் வரிசையில் நிற்போம். நான் என்ன செய்வேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, என்னை எனக்குத் தெரியும். இதைத் தமிழில் எழுதியதற்குத் தாய்மொழிப் பாசம் மட்டும் காரணமில்லை. இங்கே ஒருவருக்கும் தமிழ் படிக்க வராது.

முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். தயவுசெய்து சீனத்தில் எழுதுங்கள்.