இரண்டு கட்டை

ஆர்கனுக்குப் பக்கத்திலிருந்த மைக்கைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சித்தியின் முன்னால் வைத்தாள் மகள். மறுநாள் மகளுக்குக் கல்யாணம்; சர்ச்சில் பாட்டு ஒத்திகை. “சித்தி பாடட்டும்மா. நீ வாசி, போதும்.”

அந்தப் ‘போதும்’தான் ஆர்கன்காரியான தாய்க்குச் சுருக்கென்று தைத்தது. கைக்குழந்தையாக இருந்தபோது இந்த ஜெர்மன் ஞானப்பாட்டு ராகத்தை முனகினால்தான் மகள் தூங்குவாள். அவள் கல்யாணத்தில் அதைத் தானே வாசித்துப் பாடுவதென்று தாய் எப்போதோ முடிவுகட்டியிருந்தாள். ஊரிலிருந்து நேற்று வந்திறங்கிய தங்கை தட்டிக்கொண்டு போய்விட்டாள். பெற்றது ஒருத்தி, பேர் வாங்குவது இன்னொருத்தி!

தங்கையோ சரித்திரம் வேறு சொன்னாள். “இது முதல்ல அங்க காதல் பாட்டாம்க்கா. துள்ளலா பாடுவாங்களாம். சர்ச்சுக்குள்ள வந்து நாளானப்புறம்தான் இழுவையா ஆயிடுச்சு.”

“இழுத்தது நான்தான்னு சொல்ல வர்றியா?”

மகள் சிரித்துவிட்டாள். சித்தியின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். தாய்க்கு வயிறு பற்றி எரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, கூடப்பிறந்தவள்மேல் இந்த வயதில் இப்படி ஒரு காய்ச்சலா என்று. ஆனாலும் எரிந்தது.

கல்யாணத்தன்று தாய் ஆர்கனில் சுருதி மாற்றும் பொத்தானை அழுத்தி, ஒத்திகையில் வைத்ததைவிட இரண்டு கட்டை ஏற்றிவிட்டாள். வாசிக்கிற விரல்களுக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. பாடுகிற தொண்டைக்குத்தான் தெரியும். முதல் இரண்டு வரி கீழேயே நடக்கிற ராகம், தங்கை எப்படியோ சமாளித்தாள். மூன்றாவது வரி மேலே ஏறியதும் குரல் கீச்சென்று உடைந்தது. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சபையார் மட்டும் தடுமாறி அந்தச் சரணத்தை முடித்தார்கள்.

வேணும் நல்லா, என்றது ஆர்கன்காரியின் மனசு.

மாப்பிள்ளை பக்கத்திலிருந்து மகள் திரும்பினாள். சுருதி எது, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்கிற காது அவளுக்கு. தாய் பழக்கிய காது. கல்யாணக் கவுனைக் கையில் அள்ளிக்கொண்டு நேராக ஆர்கனிடம் வந்தாள். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. தாயின் கையைத் தாண்டித் தன் கையை நீட்டி, பொத்தானை இரண்டு முறை அழுத்திச் சுருதியை இறக்கினாள்.

“இப்ப வாசிம்மா,” என்றாள் மெதுவாக.

பிறகு போய்ச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மைக்கின் முன்னால் நின்றாள். இருவரும் அடுத்த சரணத்துக்காக மூச்சை இழுத்தார்கள். ஆர்கன்காரியின் விரல்கள் கட்டைகளின்மேல் இருந்தன, அழுத்தாமல்.