வேட்டைக்காரன் நிற்கும் திசை

மொட்டைமாடிக்கு ஏறும் கடைசிப் படியில் டெலஸ்கோப் சார் ஒரு கணம் நின்றார். மூச்சு வாங்குகிறார் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். படி முடிந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மனைவி முழங்கையைத் தொட்டதும் துணிந்து காலை எடுத்து வைத்தார். பகலில் ஆட்கள் நிழலாகத் தெரிவார்கள். இருட்டினால் சுத்தமாக ஒன்றும் தெரியாது. இது குடியிருப்பில் யாருக்கும் தெரியாமல் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். தெரிந்தால் மாதந்தோறும் நட்சத்திரம் காட்டுவது நின்றுவிடும். செயலாளர் முதல் வாட்ச்மேன் வரை வாய் நிறையச் சொல்லும் 'சார்' நின்றுவிடும். ரிட்டயர் ஆன மனிதருக்கு அதை விட்டால் வேறொன்றும் இல்லை.

வானம் அவருக்கு மனப்பாடம். ஓரிடம் பிடிபட்டால் போதும், மீதியைச் சரசரவென்று சொல்லிவிடுவார். இந்த மாதங்களில் இருட்டியதும் கிழக்கே ஓரியன் என்கிற வேட்டைக்காரன் நிற்பான். இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம். அந்தக் கோட்டை மேலே நீட்டினால் ரோகிணி, இன்னும் போனால் கார்த்திகைக் கூட்டம். கீழே நீட்டினால் சிரியஸ், வானத்திலேயே பிரகாசமானது. இடது பக்கம் சிவப்பாகத் திருவாதிரை. கிழக்குச் சுவரோரம் அவரை நிறுத்தி, மூன்று நட்சத்திரத்துக்கு நேராகக் கையை நிமிர்த்திவிடுவதுதான் மனைவியின் வேலை. அதற்காகவே அவள் வானத்தைக் கற்றுக்கொண்டாள். அவருக்கும் அது தெரியும், ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார். "முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. நட்சத்திரம் மினுக்கும், கிரகம் மினுக்காது. கல்யாணம் ஆனதுலேருந்து இவளுக்கு இதைச் சொல்றேன். ஆனா கிழக்கு எதுன்னு கேட்டா, இன்னும் குக்கர் இருக்கிற பக்கம்னுதான் சொல்லுவா."

சிரித்தார்கள். ஒவ்வொரு மாதமும் இதே ஜோக், இதே சிரிப்பு. செயலாளரின் மனைவி "பாவம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். சாரின் மனைவியும் வழக்கம்போல் சிரித்துவைத்தாள். அவருடைய முழங்கை அவள் கையில்தான் இருந்தது.

"இங்க ஈரமா இருக்குங்க, சுத்தி வாங்க" என்றாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடத்திப்போய் மேற்குச் சுவரோரம் நிறுத்தினாள். கூட்டம் பின்னாலேயே வந்தது. கையை நிமிர்த்திவிட்டாள். அவர் லேசர் விளக்கை அழுத்தினார்.

"இதோ, வேட்டைக்காரனோட இடுப்பு."

பச்சைப் புள்ளி எதிர்க் கட்டடத்தில், யாரோ கொடியில் போட்டிருந்த உள்பாவாடை மேல் போய் உட்கார்ந்தது. "இடது பக்கம் திருவாதிரை. செவப்பா தெரியுதா?" அங்கே இருந்தது ஒரு கழிவுநீர்க் குழாய். யாரோ களுக்கென்று சிரிக்க, செயலாளர் முறைத்து அடக்கினார். வேட்டைக்காரன் அத்தனை பேர் முதுகுக்குப் பின்னாலும் முழுசாக நின்றுகொண்டிருந்தான். ஒருவராவது அவரைத் திரும்பி நிற்கச் சொல்லியிருக்கலாம். மரியாதை தெரிந்த ஜனங்கள், சொல்லவில்லை.

"தெரியுது சார்" என்றார் செயலாளர்.

சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நன்றாகச் சாய்ந்துகொள்ள இடது கையால் சுவரைப் பிடித்தார். விரல்கள் வெளிப்பக்கம் வளைந்து பதிந்தன. அங்கே இன்னும் சூடு இருந்தது. சாயங்கால வெயில் எந்தச் சுவரின் வெளிப்பக்கத்தைக் காய்ச்சும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் முகம் செத்துப்போனதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தப்பான பக்கம் நிற்கிறேன் என்று அவர் சொல்லலாம். சொன்னால், இங்கே அந்த நட்சத்திரங்கள் இல்லாதது இத்தனை நேரம் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்பார்கள்.

"திருப்பி விடுடீ" என்றார், உதடு அசையாமல்.

"எங்க?"

"கிழக்கே."

"அது எந்தப் பக்கங்க?" என்றாள் அதே தணிந்த குரலில்.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்தது ரோகிணி" என்றார் கூட்டத்திடம். "நேரா மேல வாங்க."

"ரொம்ப அழகா இருக்கு சார்."

பச்சைப் புள்ளி எதிர்க் கட்டடச் சுவரில் ஏறி, விளக்கெரிந்த ஒரு ஜன்னலுக்குள் நுழைந்தது. உள்ளே யாரோ எழுந்து வந்து, மாடியில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்கள். புள்ளி அந்தத் திரையின் மேலேயே நின்றது.